நினைவுப் பலகைக்கு ஒரு மணப்பெண்

ஷிச்சியாவ்
பன்னிரண்டாம் மாதம், அடுப்படித் தெய்வத்தை வழியனுப்பிய மறுநாள்

அன்புள்ள ஹுவான்திங் அண்ணாவுக்கு,

பெய்ஜி எழுதுகிறேன். பீஜிங் குளிரில் உன் இருமல் எப்படி இருக்கிறது? அம்மா பஞ்சு வைத்துத் தைத்த மேல்சட்டை வந்து சேர்ந்ததா? இங்கே அப்பாவும் அம்மாவும் சுகம். நானும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் எழுதவில்லை.

எண்ணெய்ச் செக்கு லூ வீட்டு இரண்டாவது பையன் இறந்துவிட்டான். ஐந்து வயதில் எனக்கு நிச்சயம் செய்தார்களே, அவன்தான். காசநோய். அவன் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை போய்விட்டானே என்று கொஞ்சம் அழுதேன். அப்புறம், உன்னிடம் மட்டும் சொல்கிறேன், தலை தப்பியது என்றும் நினைத்தேன். அந்த நினைப்பு அவனைப் புதைக்கும்வரைதான் நீடித்தது.

புதைத்துவிட்டு வந்த கையோடு லூ பெரியவர் நம் வீட்டுக்கு வந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். நிச்சயத்தை முறிக்க அவருக்கு மனமில்லையாம். மகன் பெயர் எழுதிய நினைவுப் பலகை பக்கத்தில் நான் நின்று வணங்கி, அந்த வீட்டு மருமகளாகிவிட வேண்டுமாம். மூத்த மகனுக்கு அடுத்துப் பிறக்கும் பிள்ளையை எனக்குத் தத்துக் கொடுப்பார்களாம். பிறகு, பதிவிரதை என்று பொறித்த மரியாதைப் பலகை கேட்டு அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போகும். முன்பு சக்கரவர்த்தி கொடுத்தார், இப்போது ஜனாதிபதி கொடுக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். "உங்க வீட்டு வாசல்லயும் ஒண்ணு மாட்டலாம் வாத்தியாரே, படிச்ச படிப்புக்கு இதுவரை ஒண்ணும் மாட்டலையே," என்றார்.

உனக்குத் தெரியும், அப்பா அரசு உத்தியோகத்துக்கான அடுத்த படித் தேர்வுக்கு மூட்டை கட்டி வைத்த வருஷம்தான் அந்தத் தேர்வுகளையே ஒழித்தார்கள். அவர் லூ பெரியவருக்குத் தேநீர் ஊற்றினார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

அம்மா கணக்கு வேறு. "ஏண்டி, செத்தவன் அடிக்கமாட்டான், குடிக்கமாட்டான், இன்னொருத்தியக் கூட்டிட்டு வந்து உன் தலைமேல உக்கார வைக்கமாட்டான். நல்லா யோசிச்சுப் பாரு," என்கிறாள்.

நீ இலையுதிர் காலத்தில் எழுதினாயே, ஆன்சிங்கில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி என்று. நுழைவுத் தேர்வு ஐந்தாம் மாதம். வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் நேரில் வந்து பிணைக் கையெழுத்துப் போட்டால்தான் சேர்ப்பார்கள். அப்பா போடமாட்டார். நீ வா அண்ணா. எந்தத் தேதி என்று எழுது. தாவ் வீட்டாரும் உன்னை எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உனக்கு நிச்சயித்த அவர்கள் பெண்ணுக்கும் வயது ஏறுகிறதாம்.

பதிலை மருந்துக்கடை சென் பெயருக்கு அனுப்பு. தபால் அவரிடம்தான் வருகிறது. கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொள்.

உன் தங்கை
பெய்ஜி


பீஜிங்
பிப்ரவரி 22, 1920

அருமைத் தங்கை பெய்ஜிக்கு,

உன் கடிதத்தை விடுதி அறையில் நண்பர்கள் நடுவே படித்தேன்.  செத்தவனுக்கு உயிருள்ளவளைக் கட்டிவைக்கும் இந்த வழக்கம் நம் தலைமுறையோடு ஒழிய வேண்டும் என்று ஒருவன் மேசையைக் குத்தினான், மைக்கூடு கவிழ்ந்தது. என் இருமல் பரவாயில்லை. அம்மாவின் சட்டை வந்தது. நவீனமாக இல்லை, ஆனால் கதகதப்பாக இருக்கிறது.

பெய்ஜி, அழாதே. நீ முதலில் ஒரு மனுஷி, அப்புறம்தான் மகள். இதை ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிவை. யாரும் உன்னை விடுதலை செய்ய முடியாது, நீதான் உன்னை விடுவித்துக்கொள்ள வேண்டும். அதற்கு இன்றே ஒரு காரியம் செய். பாதம் வளராமல் இருக்கச் சின்ன வயதிலிருந்து காலில் இறுக்கிக் கட்டியிருக்கும் அந்தத் துணியை அவிழ்த்து அடுப்பில் போடு. கொஞ்சம் கொஞ்சமாக என்று பேரம் பேசாதே. பேரம் பேசிப் பேசித்தான் இந்த நாடு நொண்டியாகிக் கிடக்கிறது.

புத்தாண்டுப் படங்கள் என்று ஒரு சுருள் அனுப்பியிருக்கிறேன். கொழுத்த குழந்தை மீனைக் கட்டிக்கொண்டிருக்கும் படத்துக்குள் எங்கள் பத்திரிகை இருக்கிறது. என் கட்டுரை பதினான்காம் பக்கம்.

நான் வருவேன், சந்தேகமே வேண்டாம். தேதிதான் இப்போது சொல்ல முடியவில்லை. மாணவர் சங்க வேலை, அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தம், ஞாயிற்றுக்கிழமைகளில் ரிக்ஷாக்காரர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது என்று மூச்சுவிட நேரமில்லை. தைரியமாக இரு.

உன் அண்ணன்
ஹுவான்திங்


ஷிச்சியாவ்
இரண்டாம் மாதம், பிறை தெரிந்த மறுநாள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் உடம்பு தேறியது கேட்டு நிம்மதி. இங்கே எல்லோரும் அப்படியே.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். கடிதம் வந்த அன்றே துணி முழுவதையும் அவிழ்த்து அடுப்பில் போட்டேன். புகை நாற்றம் பொறுக்காமல் அம்மா ஓடிவந்தாள். ராணி மாதிரி நிமிர்ந்து நின்றேன், அண்ணா, கொதிக்கிற கஞ்சி பொங்குகிற நேரம்கூட இருக்காது. அப்புறம் விழுந்துவிட்டேன்.

பன்னிரண்டு வருஷமாகக் கட்டிவைத்த காலுக்கு அந்தத் துணிதான் எலும்பாக இருந்ததாம். துணி வெளுக்க வரும் அக்கா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "எவன்டி உனக்கு இந்தப் புத்தி சொன்னது? மாசத்துக்கு ஒரு சுத்து தளர்த்தணும். அஞ்சாறு மாசம் ஆகும். ஒரேடியா அவுத்தா நரம்பு எங்க போகும்?" என்றாள். எவன் சொன்னது என்று நான் சொல்லவில்லை. கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கின்றன. இடது கால் தரையில் பட்டால் உயிர் போகிறது. மறுபடி கட்டலாம் என்றாள் அம்மா, முடியாது என்றுவிட்டேன். எரித்தது எரித்ததுதான்.

உன் கட்டுரையைப் படித்தேன். நன்றாக இருக்கிறது. படுத்தே கிடப்பதால் நான்கு தடவை படிக்க முடிந்தது.

லூ வீட்டார் நாள் குறித்துவிட்டார்கள். எட்டாம் மாதம், அறுவடை நிலவுக்கு அப்புறம். அப்பா சரி என்று தலையாட்டியதை நான் பார்க்கவில்லை, ஆனால் அவர்கள் அனுப்பிய நிச்சயதார்த்தப் பலகாரத்தைத் திருப்பி அனுப்பவும் இல்லை. எட்டாம் மாதம் என்றால் நமக்கு அவகாசம் இருக்கிறது. கல்லறை சுத்தம் செய்யும் நாளுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஊருக்கு வருவார்கள், நீயும் வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அப்போது பேசி எல்லாவற்றையும் முடிவு செய்துவிடலாம்.

ஒன்று கேட்கட்டுமா? நீ பிடி கொடுக்காமல் எழுதுவது தாவ் வீட்டுப் பெண்ணை நினைத்துத்தானே? கோபித்துக்கொள்ளாதே. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

பெய்ஜி


ஷிச்சியாவ்
இரண்டாம் மாதம்

சிரஞ்சீவி ஹுவான்திங்குக்குத் தந்தை எழுதுவது யாதெனில்,

இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து உன் க்ஷேமத்துக்கும் கல்வி முன்னேற்றத்துக்கும் மூதாதையரை வேண்டுகிறோம். நிற்க.

கல்லறைத் திருநாள் அணுகிவிட்டது. மூத்த மகனின் கையால் முன்னோர்க்கு ஊற்றப்படும் மதுவுக்கு ஈடு வேறில்லை என்பதை நீ அறியாதவன் அல்லன். தாவ் குலத்தாரும் உனது வருகையை எதிர்நோக்கியுள்ளனர். அவ்வமயமே திருமணத்தை நிறைவேற்றிவிடலாம் என்பது உன் தாயின் விருப்பம். எனது கருத்தும் அதற்கு மாறன்று.

நின் தங்கை கால் நோவுற்றுப் படுக்கையில் உள்ளாள். காரணம் வினவியும் கூறினாளில்லை. தலைநகரத்திலிருந்து வரும் புதிய கருத்துகள் எவ்வழியாக இல்லம் புகுகின்றன என்பதை நான் அறியேன் என்று எண்ண வேண்டா. தாமதமின்றிப் புறப்படுக.

இங்ஙனம்,
தந்தை


பீஜிங்
ஏப்ரல் 20, 1920

அருமைத் தங்கைக்கு,

கல்லறை நாளுக்கு வர முடியவில்லை. காய்ச்சல். பெரிதாக ஒன்றுமில்லை, இப்போது நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதே. உன் கால் எப்படி இருக்கிறது? வலி என்பது பழையது நம்மைவிட்டுப் போகும்போது எழுப்பும் சத்தம். இதை இந்த மாதக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.

அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். உன் கதையை எழுதிவிட்டேன் பெய்ஜி. பெயர்களை மாற்றி, ஆற்றங்கரை ஊர் ஒன்றில் எண்ணெய்ச் செக்கு முதலாளி, அவன் செத்த மகன், பழைய தேர்வு எழுதிய தகப்பன் ஒருவர், கால்கட்டை அவிழ்த்த மகள் என்று. எந்த ஊர் என்று குறிப்பிடவில்லை. முழுக்கப் பேசுகிற மொழியில் எழுதினேன், படிக்காதவன் காதில் விழுந்தாலும் புரியும்படி. பத்திரிகை வந்த வாரமே விற்றுத் தீர்ந்தது. மகளிர் கல்லூரியில் ஒரு மாணவி மேடையில் வாசித்துவிட்டு அழுதாளாம். ஷாங்காயிலிருந்துகூடக் கடிதங்கள். நீ அங்கே படுத்துக்கிடக்கிறாய், உனக்காக எத்தனையோ ஊர்களில் பேசுகிறார்கள் என்பதை நினைத்துப்பார். அந்த வீட்டார் இதைப் படித்தால் வெட்கித் தலைகுனிவார்கள்.

தாவ் வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். யாரையும் யாரும் கட்டாயப்படுத்திக் கல்யாணம் செய்துவைக்க உரிமை கிடையாது என்பது என் கொள்கை. அது உனக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும். அவ்வளவுதான்.

இங்கே லைலாக் பூத்துவிட்டது.

ஹுவான்திங்


ஷிச்சியாவ்
மூன்றாம் மாதக் கடைசி

அண்ணாவுக்கு,

காய்ச்சல் விட்டது என்று அறிந்து நிம்மதி. அம்மாவிடம் சொல்லவில்லை, பயப்படுவாள்.

லூ வீட்டார் நாளை மாற்றிவிட்டார்கள். எட்டாம் மாதம் இல்லை. ஐந்தாம் மாதம், படகுப் பந்தயத் திருநாள் முடிந்த ஐந்தாம் நாள்.

ஏன் மாற்றினார்கள் என்று கேட்காதே. அவர்களுக்கு ஏதோ அவசரம்.

வேறு சேதி பெரிதாக இல்லை. அப்பா கொஞ்ச நாளாகத் தேநீர்க் கடைக்குப் போவதில்லை. குலப்பள்ளிக்கூடத்தில் பாடம் முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து படிக்கும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். மருந்துக்கடை சென் முன்பெல்லாம் கடிதத்தைத் தரும்போது ஏதாவது கிண்டல் செய்வார். இப்போது என் முகத்தைப் பார்க்காமல் தருகிறார். அம்மா சந்தைக்குத் தானே போகாமல் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிடுகிறாள். கோடை வந்துவிட்டது, எல்லோருக்கும் அசதி, வேறென்ன.

நான் நடக்கப் பழகுகிறேன். காலையில் எல்லோரும் எழுந்திருப்பதற்கு முன் சுவரைப் பிடித்துக்கொண்டு படுக்கையிலிருந்து சமையலறை வரை. இடது காலை ஊன்றும்போது கையால் சுவரைத் தட்டிக்கொள்கிறேன், அப்போது வாயிலிருந்து சத்தம் வராமல் இருக்கிறது.

பள்ளியின் நுழைவுத் தேர்வு ஐந்தாம் மாதம் எட்டாம் தேதி. அதற்கு மூன்று நாள் முன், படகுப் பந்தயத்தன்று காலையில் ஆன்சிங் நீராவிப் படகு நம் துறைக்கு வந்து, மத்தியானம் திரும்பிப் போகும். அன்றைக்கு ஊரே கரையில் நிற்கும். யார் எங்கே போகிறார்கள் என்று ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அதை விட்டால் லூ வீட்டு நாளுக்கு முன் வேறு படகு இல்லை. நீ காலைப் படகில் வந்து இறங்கினால், அதே படகில் நாம் போய்விடலாம். வீட்டுப் பக்கமே நீ வர வேண்டாம். தாவ் வீட்டார் கண்ணிலும் படமாட்டாய்.

கட்டுரை எதுவும் வேண்டாம் அண்ணா. வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுது.

பெய்ஜி


பீஜிங்
மே 21, 1920

பெய்ஜி,

வருகிறேன்.

படகுப் பந்தயத்தன்று காலைப் படகில் இறங்குவேன். மருந்துக்கடை வாசலில் காத்திரு. உன் மூட்டையைச் சிறிதாகக் கட்டு. காலுக்குத் தளர்வான செருப்பு போட்டுக்கொள். பள்ளியில் பிணைக் கையெழுத்து நான் போடுகிறேன், அதற்காகப் புது முத்திரையும் வெட்டச் சொல்லியிருக்கிறேன். சங்க வேலையை வேறொருவனிடம் ஒப்படைத்துவிட்டேன்.

உன்னிடம் இத்தனை நாள் மழுப்பியது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. நேரில் பேசுவோம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பூகோ ரயிலடி விடுதி
ஜூன் 17, 1920

பெய்ஜி,

நலமா என்று கேட்கக்கூட எனக்குத் தகுதியில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

ரயிலைவிட்டு இறங்கிவிட்டேன். ஆற்றில் மேல்நோக்கிப் போகும் கப்பலுக்குச் சீட்டும் எடுத்தாயிற்று. இந்த விடுதியில் நம் ஊர்க் கருவாட்டு வியாபாரி ஒருவரைப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு தோளில் தட்டினார். "என்ன மாப்பிள்ளை, நேரத்துக்குக் கிளம்பிட்டியே? ஊர்ல தச்சன் கடையில கல்யாணப் பல்லக்குக்குச் சிவப்பு அடிச்சிட்டிருக்கான். நான் வரும்போது ரெண்டாவது பூச்சு," என்றார்.

அம்மாவின் வேலைதான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்குச் சொல்லாமலே எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார்கள். துறையில் கால் வைத்ததும் தாவ் வீட்டாரும் குலத்துப் பெரியவர்களும் வளைத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் அறையில் பூட்டி வைத்தால் போதும், என் வாழ்க்கை முடிந்தது. நீ நினைப்பாய், என்ன பெரிய பல்லக்கு என்று. எனக்கு அந்தச் சிவப்புப் பூச்சு என்ற வார்த்தை காதைவிட்டுப் போகவே இல்லை பெய்ஜி. நேற்றிரவு முழுக்கக் கப்பல்துறைக்கும் விடுதிக்குமாக நடந்தேன்.

நான் திரும்பிப் போகிறேன்.

பிணைக் கடிதம் எழுதி முத்திரை குத்தி இதோடு வைத்திருக்கிறேன். நீ மட்டும் படகில் ஏறிப் போய்ப் பள்ளியில் காட்டு, கெஞ்சிப் பார். நீ என்னைவிடத் தைரியசாலி. இது உனக்கு வேளைக்கு வந்து சேருமா என்று தெரியவில்லை. சேர வேண்டும்.

ஹுவான்திங்


ஆன்சிங்
ஐந்தாம் மாதம் பன்னிரண்டு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறாயா? உனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுதான் முதலில் பயந்தேன். ரயில் கவிழ்ந்ததா, பட்டாளத்தார் பிடித்துக்கொண்டார்களா என்று எதையெல்லாமோ நினைத்தேன். உன்னிடமிருந்து இதுவரை ஒரு வரியும் வரவில்லை. இந்தக் கடிதம் கிடைத்தால் உயிரோடு இருக்கிறேன் என்றாவது எழுது.

நான் பள்ளி விடுதியில் இருக்கிறேன். தேர்வு எழுதினேன். தேறிவிட்டேன்.

படகுப் பந்தயத்தன்று அம்மாவிடம் பந்தயம் பார்க்கப் போகிறேன் என்றேன். கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். சுவரையும் கடைப் பலகைகளையும் பிடித்துக்கொண்டு மருந்துக்கடை வரை போய்ச் சேர்ந்தேன். மூட்டையைப் பாவாடைக்குள் கட்டியிருந்தேன். காலைப் படகு வந்தது. பன்றி வியாபாரி ஒருவன் இறங்கினான், இரண்டு சிப்பாய்கள், ஒரு பாதிரி, கைக்குழந்தையோடு ஒரு பெண். அப்புறம் படகுக்காரன் பலகையைக் கழுவ ஆரம்பித்தான்.

ஒருவேளை தூங்கிப்போய் உள்ளே கிடக்கிறாயோ என்று அதன்பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பந்தயம் தொடங்கி முரசுச் சத்தம் காதைப் பிளந்தது. சென் ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டேன் என்று பயந்து நின்றேன். படகு முதல் ஊதல் ஊதியதும் தனியாகவே போவது என்று கிளம்பினேன். மருந்துக்கடையிலிருந்து துறை கூப்பிடு தூரம்தான், உனக்குத் தெரியும். டோஃபு கடைக்கு எதிரே இடது கால் மடங்கியது. விழுந்தேன். பாவாடைக்குள்ளிருந்து மூட்டை உருண்டு நடுத்தெருவுக்குப் போயிற்று. எல்லோரும் பார்த்தார்கள். லூ வீட்டுப் பெரியவர் பந்தலில் உட்கார்ந்திருந்தார், அவரும் பார்த்தார்.

அப்போது எதிர்த் தேநீர்க் கடையிலிருந்து அப்பா வந்தார். அங்கே போவதையே விட்டவர் அன்றைக்கு எப்போது வந்து உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியாது. வந்தவர் என்னை அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் முதலில் மூட்டையை எடுத்துத் தூசி தட்டினார். பிறகு அந்த நீள அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "ஏறு," என்றார்.

முதுகில் சுமந்துகொண்டு போனார் அண்ணா. புத்தகப்பையைக்கூட மாணவன் கையில் கொடுத்து நடக்கிறவர். லூ பெரியவர் பந்தலைவிட்டு இறங்கி வழியை மறித்தார். "வாத்தியாரே, எங்க வீட்டு மருமகளை எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்றார்.

"பள்ளிக்கூடத்துக்கு," என்றார் அப்பா. நிற்கவும் இல்லை.

ஆன்சிங் வரை என்னோடு வந்தார். படகில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் இடதுகைச் சுண்டுவிரலில் படித்தவர் என்பதற்கு அடையாளமாகப் பத்து வருஷமாக வளர்த்த நகம் உடைந்து ரத்தம் வந்திருந்தது. பள்ளியில் எழுத்தர் தூரிகையை நீட்டியதும் எழுத்துகளைப் பிசிறில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "கால் வீக்கத்துக்குச் சென் கொடுத்த களிம்பு மூட்டையில இருக்கு," என்று சொல்லிப் போய்விட்டார்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். இன்னும் உன்னைக் காணோமே என்ற பயம்தான் முன்னால் நிற்கிறது. எழுது.

பெய்ஜி


ஷிச்சியாவ்
ஐந்தாம் மாதக் கடைசி

ஹுவான்திங்குக்கு,

அப்பா எழுதுகிறேன். உங்கள் பத்திரிகையில் எழுதுகிற மாதிரி, பேசுவதுபோல எழுதிப் பார்க்கிறேன். எனக்கு இது முதல் தடவை. கை வளையவில்லை, பொறுத்துக்கொள். உன் அம்மா நன்றாக இருக்கிறாள். நானும் அப்படியே. நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பூகோவிலிருந்து நீ பெய்ஜிக்கு எழுதியது திருநாளுக்கு அப்புறம் வந்தது. சென் என்னிடம் தந்தார். உனக்கு என்ன ஆயிற்றோ என்று உன் அம்மா துடித்ததால் பிரித்துப் படித்தேன். அவளிடம் உனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். பெய்ஜிக்கு அதை அனுப்பவில்லை. அனுப்ப வேண்டுமானால் நீயே மறுபடி எழுது.

அவள் உனக்கு எழுதாத ஒன்றை நான் எழுத வேண்டும். உன் கட்டுரையை லூ வீட்டு மருமகப்பிள்ளை நாங்கிங்கிலிருந்து கொண்டுவந்தான். தேநீர்க் கடையில் எல்லோர் முன்னாலும் உரக்க வாசித்தான். படிக்காதவனுக்கும் புரியும் என்று எழுதினாயாமே, எல்லோருக்கும் நன்றாகப் புரிந்தது. நான் மூலை மேசையில் இருந்தேன். நூல் ஓதிக்கொண்டே மகளைக் குழியில் இறக்கும் தகப்பன் என்று ஒரு வாக்கியம். அதற்குச் சிரித்தார்கள். வாக்கியம் நன்றாக அமைந்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். மறுநாளே லூ பெரியவர் வந்து, ஊர் சிரிப்பதற்குள் காரியத்தை முடிக்க வேண்டும் என்று நாளை ஐந்தாம் மாதத்துக்கு இழுத்தார். நான் மறுக்கவில்லை. உன்மேல் இருந்த கோபத்தில் மறுக்கவில்லை. பெய்ஜி என்னிடம் வந்து, அண்ணனுக்கு இதை எழுத வேண்டாம், அவன் மனசு ஒடிந்துபோவான் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அவள் காலையில் நடந்து பழகியது என் படிக்கும் அறைச் சுவரைப் பிடித்துத்தான். தினமும் அந்தத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும். எங்கே போகப் பழகுகிறாள் என்று புரிந்துகொள்ள ஒரு தகப்பனுக்குப் பெரிய படிப்பு வேண்டாம். திருநாளன்று அவள் மருந்துக்கடையில் நின்று படகையே பார்த்ததும் நீதான் வரப்போகிறாய் என்று தெரிந்துவிட்டது. நான் எதிர்க்கடையில் உட்கார்ந்தேன். நீ வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது, பிறகு ஒன்றும் பார்க்கவில்லை என்று லூ வீட்டாரிடம் சொல்லிவிடுவது என்று நினைத்துத்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முடிந்தது அவ்வளவுதான் என்று நினைத்தேன். பன்றி வியாபாரிக்கு அப்புறம் நீ இறங்குவாய் என்று நானும் பார்த்தேன்.

குலப்பள்ளிக்கூடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அதைப் பற்றி நீ எழுத வேண்டாம். என்னை நல்லவனாக்கியும் எழுத வேண்டாம்.

தச்சன் கடையில் சிவப்பு அடித்த பல்லக்கு உனக்கு இல்லை. அது லூ வீட்டார் பெய்ஜிக்காகச் செய்தது. தாவ் வீட்டில் அப்போது எந்த ஏற்பாடும் கிடையாது, நீ வருவதே அவர்களுக்குத் தெரியாது.

நேற்று தாவ் வீட்டுக்குப் போனேன். பெண்ணின் ஜாதகச் சீட்டைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அந்தப் பெண்தான் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெய்ஜி சேர்ந்த பள்ளியில் இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்டாள்.

ஆகவே, பயப்பட இனி இந்த வீட்டில் எதுவும் இல்லை. நீ வரலாம்.

அப்பா